வி-கிராஸ்: தார் ரோடு, மலை ரோடு, சேறு மூன்றும் உண்டு. எச்/டி-யா, ஏ/டி-யா, எம்/டி-யா?

காரவள்ளிக்காரன்:
வணக்கம் நண்பர்களே. வண்டி இசுசு வி-கிராஸ் பிக்அப், நாலு சக்கர டிரைவ். டயர் அளவு 255/60 ஆர்18, வண்டியோடு வந்த எச்/டி (தார் ரோட்டு ரகம்; எம்/டி சேற்று ரகம், ஏ/டி இரண்டுக்கும் நடுவே எல்லாத் தரைக்கும்). ஓடியது 58,000 கி.மீ. பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்) ஆழம் முன்னால் 4 மி.மீ., பின்னால் 3 மி.மீ. ஸ்டெப்னி இன்னும் தரையைத் தொடவே இல்லை.

நூற்றுக்கு எழுபது பங்கு நாமக்கல் - சேலம் - சென்னை நெடுஞ்சாலை ஓட்டம். மீதி காரவள்ளியிலிருந்து சோளக்காடு ஏறுகிற கொல்லிமலைப் பாதை, அதற்கப்புறம் தோட்டம் வரை 3 கி.மீ. மண்பாதை. வெயில் காலத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கடைசி 200 மீட்டர் ஏற்றம் சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். 4எல் (நாலு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியர்) போட்டாலும் முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். ஏறும்போது பின்தொட்டி காலி, இறங்கும்போது மிளகும் காபியுமாக 250 - 300 கிலோ.

டயர் கடையில் "சேறு என்றால் எம்/டி தான்" என்கிறார்கள். லோடு வண்டி ஓட்டுகிறவர்கள் "எச்/டி-யே போதும், ஏ/டி எல்லாம் அழகுக்கு" என்கிறார்கள். எதைப் போடலாம்? 265/65 ஆர்18 ஏறுமா? பின் டயர் இரண்டை மட்டும் இப்போது மாற்றி, முன்னால் இருப்பதை இன்னும் பத்தாயிரம் ஓட்டலாமா?

லீஃப்_ஸ்பிரிங்:
எம்/டி வேண்டாம் சார். அந்தக் கொல்லிமலைப் பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுக்காகவே சொல்கிறேன்.

எம்/டி டயரைக் கையால் தொட்டுப் பாருங்கள். கட்டை கட்டையாக ரப்பர், நடுவே விரல் நுழையும் இடைவெளி. சேற்றுக்கு அந்த இடைவெளி வேண்டும். மண் உள்ளே போகும், சக்கரம் சுற்றும் வேகத்தில் வெளியே தெறித்துவிடும். ஆனால் ஈரத் தாரில் தரையைத் தொடும் ரப்பர்தான் பிடிமானம், அது எம்/டி-யில் குறைவு. தொடுகிற கட்டையும் உயரமாக இருப்பதால் பிரேக் மிதிக்கும்போது சாய்ந்து கொடுக்கும். தண்ணீரை வெளியேற்றுவதில் குறையில்லை, அதனால் தேங்கிய நீரில் மிதக்காது. குறை வருவது மழை விட்டபின் எண்ணெய்ப் பசையோடு மினுங்குகிற தாரில், இறக்க வளைவில். எதிரே பஸ் வரும்போது உங்களுக்கு வேண்டியது அந்த நாலைந்து அடிதான்.

எச்/டி அதற்கு நேர் எதிர். நீளவாக்கில் ஓடும் காடி, நெருக்கமான பட்டை, மூடிய தோள். தாரில் காய்ந்திருந்தாலும் ஈரமானாலும் மூன்று ரகத்திலும் இதுதான் முதலில் நிற்கும். செம்மண் களியில் ஒரே சுற்றில் காடி நிரம்பிவிடும். தோள் மூடியிருப்பதால் பக்கவாட்டில் தள்ளி வெளியேற்ற வழியில்லை. அந்தக் கணத்திலிருந்து நீங்கள் ஓட்டுவது மொட்டை டயர்.

உங்களுக்கு ஏ/டி. ஆனால் ஏ/டி என்ற இரண்டு எழுத்துக்குள்ளேயே இரண்டு சாதி இருக்கிறது. அப்போலோ ஆப்டெரா ஏ/டி2, யோகோஹாமா ஜியோலாண்டர் ஏ/டி ஜி015 மாதிரியானவை சாதுவானவை: தார்ப் பக்கம் சாய்வு, கட்டைகளில் மெல்லிய கீறல்கள் நிறைய, ஈரத்தில் அந்தக் கீறலின் விளிம்புகள்தான் கடிக்கும். பி.எஃப். குட்ரிச் கே.ஓ.2, ஜியோலாண்டர் எக்ஸ்-ஏ.டி. ஜி016 போன்றவை முரட்டு ரகம்: கனமான பக்கச்சுவர், தோளில் பல், எம்/டி-க்குப் பக்கத்து வீடு. எழுபது பங்கு நெடுஞ்சாலைக்கு முதல் சாதியே சரி. உங்கள் அளவில் எது கைக்குக் கிடைக்கிறது என்று முதலில் கேளுங்கள். 255/60 ஆர்18 எல்லாக் கடையிலும் அடுக்கி வைத்திருக்கும் அளவு இல்லை. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு வெளிநாட்டுச் சரக்கு வந்தால் வரும், வராவிட்டால் மாதக்கணக்கில் வராது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சும்மா சுற்றுகிறது என்றால் வண்டி குறுக்காக இரண்டு சக்கரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) பூட்டாத வரைக்கும் பளு இல்லாத சக்கரத்துக்கே சக்தி ஓடும். டயர் மாற்றினால் இது குறையும், தீராது. அந்த இடத்தில் வண்டிச்சோடு (சக்கரத் தடம்) ஆழமாகியிருந்தால் சோட்டை விட்டு ஒரு சக்கரம் மேட்டில் ஏறுகிற மாதிரி வழி பிடியுங்கள்.

பதினெட்டு_பிஎஸ்ஐ:
டயர் பெயரைப் பேசுவதற்கு முன்னால் காற்றைப் பேசுங்கப்பா. அந்த 200 மீட்டரை 35 பி.எஸ்.ஐ.யோடு ஏற முயன்றால் எந்த டயரும் தோற்கும்.

காற்று குறைந்தால் டயர் தரையில் படியும் இடம் நீளவாக்கில் நீளும். அகலம் கொஞ்சம்தான் கூடும், பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். நீளம் கூடினால் ஒரே நேரத்தில் அதிகக் கட்டைகள் மண்ணைப் பிடிக்கும். டயர் கொஞ்சம் நெளிவதால் காடியில் ஒட்டிய களியும் உதிரும்.

காலி வண்டிக்கு ஜல்லி, கப்பி ரோட்டில் 26 - 28. உங்கள் களி ஏற்றத்துக்கு 20 - 22. மணலுக்கு 15 - 18. சாதாரண டிஸ்க்கில் (ரிம்) 15-க்குக் கீழே போகாதீர்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஆக்சிலரேட்டர் கொடுத்தால் டயரின் விளிம்பு டிஸ்க்கிலிருந்து கழன்றுவிடும், அப்புறம் மழையில் ஜாக்கி போட வேண்டியதுதான். 20-இல் 30 கி.மீ. வேகத்தைத் தாண்ட வேண்டாம். பாறை வருகிற இடத்தில் இன்னும் மெதுவாக. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் பிதுங்கி நிற்கும், கல் விளிம்பு அங்கேதான் கிழிக்கும்.

காற்றை இறக்குவது சுலபம், ஏற்றத்தான் கம்ப்ரஸர் வேண்டும். 12 வோல்ட் கம்ப்ரஸரில் நேரடியாக பேட்டரியில் கிளிப் போடுகிற வகையை வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் வகை நாலாவது டயருக்குள் ஃபியூஸை அடித்துவிடக்கூடும். ஏற்றாமல் அப்படியே மலை இறங்கி விடாதீர்கள். 20 பி.எஸ்.ஐ.யில் தார் வளைவு எடுத்தால் வண்டி ஊஞ்சல் ஆடும், பக்கச்சுவர் சூடேறி உள்ளேயே வெந்துவிடும்.

தார் ரோட்டுக் காற்றுக்கு ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான் ஆரம்பம். அதில் காலிக்கு ஒரு எண், லோடுக்கு ஒரு எண் இருக்கும். பிக்அப் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் வருடம் முழுக்க லோடு எண்ணையே பின்னால் வைத்து ஓட்டுகிறார்கள். காலி பிக்அப்பின் எடை முன்னால்தான் இருக்கிறது. பின்னால் இறுகிய டயர் ஈரத்தில் துள்ளும், வளைவில் வால் வீசும், பட்டன் நடுவில் மட்டும் தேயும். எது சரியான எண் என்று தெரிய ஒரு வழி: டயரின் குறுக்கே சாக்பீஸால் பட்டையாகக் கோடு போட்டு நேர்ரோட்டில் 200 மீட்டர் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரத்தில் மட்டும் அழிந்தால் குறைவு.

மில்லிமீட்டர்:
அளவுக் கேள்விக்கு வருகிறேன். 255/60 ஆர்18 என்றால் பக்கச்சுவர் உயரம் 153 மி.மீ., மொத்த விட்டம் 763 மி.மீ. நீங்கள் கேட்கிற 265/65 ஆர்18-இன் விட்டம் 802. ஐந்து சதவீதம் கூடுதல். வண்டி 19 மி.மீ. தூக்கும், நல்லதுதான். ஆனால் மீட்டர் 100 காட்டும்போது டயர்க் கணக்குப்படி ஐந்து கி.மீ. கூடுதலாகப் போவீர்கள். எல்லா கியரும் நீண்டுவிடும், மலையில் இரண்டாவது கியரில் ஏறிய வளைவில் ஒன்றைத் தேடுவீர்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக் குழியில் இறங்கினால் முன் மட்கார்டு உறையின் பின்விளிம்பில் உரசும். ஸ்டெப்னி பின்தொட்டிக்கு அடியில் தொங்குகிறது அல்லவா, பெரிய டயர் அங்கே சரியாக ஏறி உட்காருமா என்பதை அளந்து பார்க்காமல் ஐந்து டயருக்குப் பணம் கட்டாதீர்கள்.

265/60 ஆர்18 என்றால் விட்டம் 775, வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான். ஹைலக்ஸின் மேல் மாடலில் வரும் அளவு இது, அதனால் ஏ/டி-யில் தேர்வு கொஞ்சம் கூட. ஆனாலும் கம்பெனி உங்கள் மாடலுக்குக் கொடுத்த அளவை விட்டு வெளியே போனால், விபத்து நடந்த அன்றைக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் கேள்வி கேட்க இடம் வைத்தவர் நீங்கள்தான்.

எனக்குப் பிடித்த வழி வேறு. 17 இன்ச் டிஸ்க்கில் 255/65 ஆர்17 போடுங்கள். விட்டம் 763, இப்போது இருப்பதற்கு மில்லிமீட்டர் சுத்தமாக அதே. மீட்டர், கியர் எதுவும் மாறாது. பக்கச்சுவர் 153-லிருந்து 166 ஆகிறது. காற்றைக் குறைத்து ஓட்டுகிறவருக்கு அந்த 13 மி.மீ. பெரிய வரம், பாறையில் டிஸ்க் வளைவது குறையும். டிஸ்க் வாங்கும்போது ஆறு நட் 139.7 என்பதை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். நடு ஓட்டையின் விட்டம், உள்வாங்கல் (ஆஃப்செட்), பிரேக் காலிப்பருக்கு இடைவெளி மூன்றையும் வண்டியில் மாட்டிப் பார்த்துத்தான் பணம். டிஸ்க் அளவும் மாடலுக்கு உரியதா என்று ஷோரூமில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் எல்.டி. என்று முன்னொட்டு உள்ள டயர். லோடு வண்டி ரகம், பத்து பிளை (அடுக்கு) பலம், பக்கச்சுவர் தடிமன். சாதாரண ரகத்தை விட ஒரு டயருக்கு நாலைந்து கிலோ கனம் கூடும், அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் கனம். காலி வண்டி ஒவ்வொரு பள்ளத்துக்கும் தடதடக்கும். முக்கியமாக, அதே எடையைத் தாங்க எல்.டி.க்கு 8-லிருந்து 15 பி.எஸ்.ஐ. வரை கூடுதல் காற்று வேண்டும், டயர் கம்பெனியின் சுமை அட்டவணையில் பார்க்க வேண்டும். பழைய ஸ்டிக்கர் எண்ணையே எல்.டி.யில் வைத்து ஓட்டினால் அது காற்றிறங்கிய டயர். 300 கிலோ லோடுக்கு எல்.டி. தேவையில்லை. சுமைக் குறியீட்டு எண் மட்டும் வண்டியோடு வந்ததற்குக் கீழே போகக் கூடாது: 108 என்றால் ஒரு டயருக்கு 1,000 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ.

பைபாஸ்_வாசி:
எல்லோரும் ஏ/டி ஏ/டி என்கிறீர்கள். மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வருடத்தில் இரண்டு மாதம், அதிலும் 200 மீட்டர். அதற்காகப் பத்து மாதம் கூடுதல் சத்தம், லிட்டருக்கு அரை கி.மீ.க்குக் குறையாத மைலேஜ் இழப்பு, ஈரத் தாரில் கொஞ்சம் நீண்ட பிரேக் தூரம் எதற்கு?

நல்ல எச்/டி ஐந்து போட்டுவிட்டு மிச்சப் பணத்தை அந்த ஏற்றத்தில் கொட்டுங்கள். 200 மீட்டரிலும் மோசமாக இருப்பது 60 மீட்டர் இருக்குமா? சக்கரம் ஓடுகிற இரண்டு தடத்துக்கு மட்டும், தடத்துக்கு 60 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழம் தோண்டி 40 மி.மீ. கருங்கல் ஜல்லி நிரப்பினால் கணக்கு 10.8 கன மீட்டர். ஏறத்தாழ நாலு யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). மேல்பக்கத்தில் தண்ணீரைக் குறுக்கே வெட்டி ஓரமாக விடும் வாய்க்கால் ஒன்று அவசியம், இல்லையென்றால் அடுத்த மழையில் ஜல்லி காரவள்ளிக்கு வந்து சேரும். டயர் மூன்று நாலு வருஷத்தில் தேயும். ரோடு நிற்கும்.

லீஃப்_ஸ்பிரிங்:
பைபாஸ் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜல்லி யோசனையை மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மண்பாதை மூன்று கி.மீ., நடுவில் பாறையும் இருக்கும். எச்/டி-யின் மெல்லிய பக்கச்சுவர் ஒரு முறை கிழிந்தால் ஒட்டவே முடியாது, டயரோடு போச்சு. சாது ஏ/டி-க்கும் எச்/டி-க்கும் ஈரத் தாரில் இன்று உள்ள வித்தியாசம் சின்னது. புது ஏ/டி-க்கும் 3 மி.மீ.க்குத் தேய்ந்த எச்/டி-க்கும் வைத்துப் பார்த்தால் புது ஏ/டி-தான் முன்னால் நிற்கும். சட்டம் 1.6 மி.மீ. வரைக்கும் விடுகிறது. மலை மழைக்கு 3-இலேயே கழற்றிவிடுவது நல்லது.

காரவள்ளிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. ஏ/டி என்று முடிவு செய்துவிட்டேன், ஜல்லிக்கும் ஆள் பேசுகிறேன். இரண்டு சந்தேகம். மூட்டையோடு இறங்கும்போதும் 20 பி.எஸ்.ஐ. வைக்கலாமா? இரண்டு டயர் மட்டும் மாற்றுவது பற்றி யாரும் சொல்லவில்லையே.

பதினெட்டு_பிஎஸ்ஐ:
300 கிலோவோடு பின்னால் 26, முன்னால் 22. இறக்கத்தில் 4எல், முதல் கியர், காலை பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டு எஞ்சின் பிடியில் இறங்குங்கள். களியில் பிரேக் மிதித்தால் சக்கரம் நின்றபடி வண்டி வழுக்கும். வால் ஒரு பக்கம் போக ஆரம்பித்தால் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுங்கள். சக்கரம் மறுபடி சுற்றினால்தான் ஸ்டியரிங் பேச்சுக் கேட்கும்.

லீஃப்_ஸ்பிரிங்:
இரண்டு மட்டும் கூடவே கூடாது. உங்கள் வண்டியில் 4எச் (நாலு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேகக் கியர்), 4எல் போட்டால் முன் தண்டும் பின் தண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. பின்னால் 10 மி.மீ. பட்டனோடு புது டயர், முன்னால் 4 மி.மீ. பழசு என்றால் விட்டத்தில் 12 மி.மீ. வித்தியாசம். ஒரு கிலோமீட்டருக்கு உங்கள் டயர் 417 சுற்று சுற்றுகிறது, அதில் முன்னுக்கும் பின்னுக்கும் ஆறு ஏழு சுற்று ஒத்துப்போகாது. சேற்றில் டயர் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். தார் மாதிரி பிடிக்கிற தரையில் சரிக்கட்ட இடமில்லை, அந்த முறுக்கு டிரான்ஸ்பர் கேஸில் (முன், பின் தண்டுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) ஏறும். லீவர் வண்டியாக இருந்தால் 2எச்-க்கு (பின் சக்கரம் மட்டும் இழுப்பது) வராமல் அடம்பிடிக்கும், சுவிட்ச் வண்டியில் விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும். நாலும் ஒரே டயராக இருந்தாலும் காய்ந்த தாரில் 4எச் போடாதீர்கள், இதே முறுக்குதான்.

முன்னால் ரிப் (நீளக் காடி), பின்னால் லக் (குறுக்குக் கட்டை) என்று லோடு பிக்அப்களில் போடுகிறார்களே, அது பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிக்குப் பொருந்தும். ரீபட்டன் (பழைய டயரில் புது ரப்பர் ஒட்டிய) டயரும் இந்த வண்டியில் வேண்டாம்.

தேரிக்காடு:
அண்ணாச்சி, களியைப் பற்றி எல்லாரும் சொல்லியாச்சு. இந்தத் திரியைப் படிக்கிற தெக்கத்திக்காரங்களுக்காக மணலையும் கரிசலையும் சேர்த்துக்கிடுதேன்.

திருச்செந்தூர் பக்கத்துத் தேரிச் செம்மணல்ல எம்/டி போட்டவன்தான் முதல்ல புதைவான். அந்தப் பல் மண்வெட்டி மாதிரி. சுத்தச் சுத்தத் தோண்டி ஆக்ஸில் வரைக்கும் இறக்கிரும். மணல்ல தோண்டக் கூடாது, மேல மிதக்கணும். தேஞ்ச எச்/டி-யில 16 பி.எஸ்.ஐ. வச்சவன் புது எம்/டி-யில 32 வச்சவனைக் கட்டி இழுப்பான். நிறுத்தும்போது பிரேக் அடிக்காம உருட்டி நிறுத்துங்க, டயருக்கு முன்னால மணல் குவியாது.

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் வேற சங்கதி. நனைஞ்ச கரிசல் ஒட்டும். ஏ/டி காடியில ஒட்டி, அதுமேல ஒட்டி, மட்கார்டு நிரம்பி சக்கரமே சுத்தாது. அங்கதான் எம்/டி-க்கு வேலை. அதுவும் ஊர்ந்து போனா உதறாது, சக்கரத்தைக் கொஞ்சம் வேகமா சுத்த விடணும். ஒரு நாள் வெயில் அடிக்கிற வரைக்கும் பொறுக்க முடியும்னா அதுதான் மலிவான டயர்.

பட்டறை_பக்கம்:
வாங்கப் போற அன்னைக்குப் பார்க்க வேண்டியதைச் சொல்லிர்றேங்க. டயர் பக்கச்சுவர்ல நீள்வட்டத்துக்குள்ள நாலு எண் இருக்கும். 2324-ன்னு இருந்தா 2024-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. அஞ்சு டயருக்கும் தனித்தனியாப் பாருங்க, நாலு புதுசு காட்டிட்டு அஞ்சாவதுல பழசு வரும். ஒரு வருஷத்துக்கு மேல கடையில கிடந்ததை விலை குறைச்சுத் தந்தாலொழிய எடுக்காதீங்க.

ஏ/டி-க்கு பேலன்சிங் பண்ணும்போது எடைக்கட்டி நிறையக் கேட்டா, டயரை டிஸ்க்குல பாதிச் சுத்துத் திருப்பி மாட்டி மறுபடி பார்க்கச் சொல்லுங்க, பெரும்பாலும் பாதியாக் குறையும். அலைன்மென்ட் கட்டாயம். முதல் 200 கி.மீ. மெதுவா ஓட்டுங்க, புது ரப்பர் மேல அச்சுப் பசை இருக்கும், ஈரத்துல வழுக்கும். 100 கி.மீ.ல நட் இறுக்கத்தை மறுபடி பார்த்துருங்க.

ஸ்டெப்னியையும் சேர்த்து அஞ்சு டயரையும் 8,000 கி.மீ.க்கு ஒரு தடவை சுத்துல விடுங்க (இடம் மாத்தி மாட்டுங்க). ஏ/டி கட்டையெல்லாம் ஒரு பக்கமாத் தேஞ்சு ரம்பப் பல்லு மாதிரி ஆகும். கையை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தா ஒரு திசையில கூரா உரசும். 30,000-க்கு மேல வர்ற உய்ங்குற சத்தத்தைப் பேரிங்னு நினைச்சு மாத்துறவங்க நிறைய, பாதிக்கு மேல இந்தத் தேய்மானம்தான். சுத்துல விட்டா சீக்கிரம் வராது.

இப்ப ஸ்டெப்னி தரையைத் தொடலைன்னு சொன்னீங்க. அது தொங்குற செயினை இறக்கிப் பாருங்க. 58,000 கி.மீ. சேறும் தண்ணியும் பட்டு இறுகியிருக்கும். டீசல் ஊத்தி ஊறவிட்டு, இறக்கி ஏத்தி, கிரீஸ் வச்சுருங்க.